எலி ஏறாத குழாய்

ஜூலை 9, ஞாயிறு

காலையில் வயிறு சரியில்லை. மோர் மட்டும் குடித்தேன். கழிப்பறைப் பீங்கானின் மூடியைச் சாத்தி அதன்மேல் பாதித் தண்ணீருடன் வாளியை வைத்தேன். மரகதம் ஏன் என்று கேட்டாள். மூடி ஆடுகிறது என்றேன். அவளுக்கு இடது கையில் வலுவில்லை, வாளியைத் தூக்க முடியாது. ஆகையால் மதியம் நானே எடுத்துவிட்டேன்.

வேறு விசேஷமில்லை.

ஜூலை 12, புதன்

பத்து மணிக்குக் கழிப்பறையிலிருந்து வந்த மரகதம் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். கூடத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, தெருவிலிருக்கும் டிரான்ஸ்பார்மர் வரை. அங்கே நின்று என் காதருகில் சொன்னாள்.

"உள்ள இருந்து எட்டிப் பாத்துச்சுங்க. மீசையோட."

"எது?"

"எலிதான். வேற எது? வீட்டுக்குள்ள வெச்சு சொல்லாதீங்க."

அவள் பிறந்த வீட்டில் இது வழக்கம். எலி வீட்டுக்குள் வந்துவிட்டால் அதன் பேரைக் கூரைக்குக் கீழே சொல்லக் கூடாது. மருந்து வைப்பதைப் பற்றிப் பேசினால் அது கேட்டுக்கொள்ளும், தொடாது. என் அம்மாவும் அப்படித்தான்; தேங்காய்ச் சில்லில் மருந்து தடவும் நாளில் எங்கள் எல்லோரையும் சைகையாலேயே நடத்துவாள். முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்திய நான் இதை எழுத வெட்கப்படவில்லை. பழக்கம் பழக்கம்தான்.

"நிழலா இருக்கும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவளே கேட்டைத் திறந்து உள்ளே போனாள்.

ஜூலை 13, வியாழன்

இரண்டு இடங்களில் படித்துப் பார்த்தேன். சாக்கடை எலி மூன்று நிமிடம் வரை மூச்சடக்கும். நாலு அங்குலக் குழாயில் முதுகை ஒரு பக்கமும் கால்களை மறுபக்கமும் அழுத்தி செங்குத்தாகவே ஏறும். பீங்கானுக்குக் கீழே வளைவில் நிற்கும் தண்ணீர் அதற்கு ஒரு முழுக்கு, அவ்வளவுதான். எங்களுடையது தரைத்தளம், உறையூரில் இருபத்தாறு வருஷப் பழைய கட்டடம்.

எனவே நடக்கக்கூடியதே. ஆனால் நடக்கக்கூடியது என்பது நடந்ததற்குச் சாட்சி ஆகாது.

ஜூலை 15, சனி

மரகதம் தனியாகக் கழிப்பறைக்குப் போவதில்லை. நான் கதவருகில் நிற்க வேண்டும். இன்று பதினோரு முறை. ஒவ்வொரு முறையும் முதலில் நான் எட்டிப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்ல வேண்டும். சொன்னேன். அவள் பீங்கானைப் பார்ப்பதில்லை, நான் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கிறாள்.

துவைத்தது: போர்வை 2, விரிப்பு 3, புடவை 2. முதுகு வலி. வாயுத் தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

ஜூலை 16, ஞாயிறு

தண்ணீர் குடிக்க மறுக்கிறாள். குடித்தால் போக வேண்டுமே என்கிறாள்.

ஜூலை 18, செவ்வாய்

மகள் வாசுகி பெங்களூரிலிருந்து போனிலேயே ஏற்பாடு செய்தாள்; நரம்பு மருத்துவரிடம் போனோம். சிறு வயதுப் பெண், பொறுமையானவர். பிப்ரவரியில் வந்த சிறிய பக்கவாதத்திற்குப் பிறகு என்னென்ன மறக்கிறது என்று கேட்டார். அடுப்பை அணைக்க மறந்தது, எதிர்வீட்டு அம்மாவின் பேர் மறந்தது, எல்லாம் நான் தேதியோடு சொன்னேன். குறித்து வைத்திருந்தேன்.

"வீட்ல எலி இருக்குன்னு சொல்றீங்களாமேம்மா?"

"ஆமா."

"சாரை எதுக்கு ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சொல்றீங்க?"

"வீட்ல சொன்னா அதுக்குக் கேட்டுரும்."

மருத்துவர் எழுதிக்கொண்டார். நான் அப்போது பேசியிருக்கலாம். இது நோயில்லை, எங்கள் பக்கத்து வீடுகளில் பாதிப் பேர் இப்படித்தான், என் அம்மாவும் இப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். படித்த பெண்ணிடம் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. நான் தொண்டையைச் செருமினேன், அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க பாத்தீங்களா சார்?"

"என் வலது கண்ணில் புரை இருக்கிறது" என்றேன்.

அது உண்மை. பதிலா என்றால் தெரியவில்லை.

மாலையில் வாசுகி பேசினாள். குளித்தலைப் பக்கத்தில் ஒரு இல்லம் இருக்கிறது, நினைவு தடுமாறுகிறவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்களாம். "அப்பா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நிஜமாவே எலின்னா பிளம்பரைக் கூப்பிட்டு அடைச்சுரலாம், அம்மா வீட்லயே இருக்கட்டும். இல்லாததைப் பாக்கறாங்கன்னா இனிமே வீட்ல வெச்சுக்க முடியாது, உங்களால தாங்காது. ரெண்டுல எதுன்னு நான் இங்கருந்து சொல்ல முடியாது. கூட இருக்கறது நீங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 21, வெள்ளி

முறைப்படி செய்வது நல்லது என்று தோன்றியது. எலி உண்டா இல்லையா என்ற கேள்வியை ஒத்திவைத்துவிட்டு, இருந்தால் எப்படித் தடுப்பது என்று ஆராய்ந்தேன்.

இதற்கென்றே ஒரு கருவி விற்கிறது. துருப்பிடிக்காத எஃகில் ஒரு சிறு உருளை, அதன் வாயில் மேல்பக்கம் கீல் வைத்த மூடி. வீட்டிலிருந்து போகும் தண்ணீர் மூடியைத் தள்ளித் திறக்கும்; போனதும் தன் எடையால் அது விழுந்து மூடிக்கொள்ளும். தெருப் பக்கத்திலிருந்து ஏறி வருவது எவ்வளவு தள்ளினாலும் திறக்காது. வெளியே கழிவுக் குழாய்கள் சேரும் தொட்டியான சேம்பரில், நம் குழாய் வந்து சேரும் வாயில் செருகிவிட வேண்டும். மாதம் ஒருமுறை எடுத்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி மூடி பாதியில் நிற்கும்.

பிளம்பர் சவரிமுத்து வந்து சேம்பரின் சிமெண்டு மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார். உள்ளே மூன்று குழாய்கள் வந்து சேருகின்றன. எது எங்களுடையது என்று அவருக்கே தெரியவில்லை.

"வீட்ல மஞ்சப்பொடி இருக்கா சார்? ஒரு வாளி தண்ணியில நல்லா கரைச்சு டாய்லெட்ல ஊத்துங்க."

ஊற்றினேன். நான் வெளியே வருவதற்குள் மரகதம் சேம்பரின் ஓரத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். நடுக் குழாயிலிருந்து மஞ்சள் கொட்டியது.

"நடுவுலதான் நம்மளுது" என்றாள். பிறகு சவரிமுத்துவைக் கேட்டுக்கு வெளியே கூப்பிட்டாள். இருவரும் டிரான்ஸ்பார்மர் அடியில் நின்று பேசினார்கள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

திரும்பி வந்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "அம்மா கரெக்டா சொல்றாங்க சார். மீசை, காது, ஈரத்துல முடி ஒட்டி நின்னது வரைக்கும் சொல்றாங்க. நானே நாலு வீட்ல பாத்திருக்கேன்."

"அவங்களுக்கு உடம்பு சரியில்லை" என்றேன்.

"உடம்புதான சார் சரியில்ல. கண்ணு நல்லாத்தான இருக்கு?"

இதை வாசுகியிடம் சொல்ல வேண்டும். அவள் அலுவலகத்தில் இருப்பாள்.

ஜூலை 22, சனி

சொல்லவில்லை. பிளம்பர் சொல்வது நிபுணர் கருத்து ஆகுமா என்று ஐயம்.

ஜூலை 24, திங்கள்

கருவிக்கு அளவு தேவை. என்னிடம் பழைய வெர்னியர் அளவுகோல் இருக்கிறது, ஓய்வு பெறும்போது மாணவர்கள் கொடுத்தது. சேம்பரில் குனிந்து ஐந்து முறை அளந்தேன்: 110.0, 110.1, 110.0, 109.9, 110.0. சராசரி 110.0 மி.மீ. பிழை மிகக் குறைவு. மதுரைக் கடைக்குப் போன் செய்து 110 என்று சொன்னேன். ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அவசரமில்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று போனை வைத்த பிறகு நினைத்தேன்.

பதினாலு முறை. விரிப்பு 4.

ஜூலை 28, வெள்ளி

மரகதத்திற்குக் காய்ச்சல். சிறுநீர்த் தொற்று. தண்ணீர் குடிக்காததால் வந்தது என்றார்கள். செவ்வாயிலிருந்து மருத்துவமனையில் இருக்கிறாள். இரவுக்கு ஒரு ஆயா இருப்பதால் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மூன்று நாளும் எட்டு மணி நேரம் தூங்கினேன். முதுகு வலி இல்லை. வயதானவனுக்கு இவ்வளவு தூக்கம் வருவது குறித்து வைக்க வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன், வேறு காரணமில்லை.

அங்கே தானாகவே கழிப்பறைக்குப் போய் வருகிறாளாம், யாரும் நிற்க வேண்டியதில்லையாம். நர்ஸ் சொன்னார்.

ஜூலை 31, திங்கள்

மரகதம் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்டு 1, செவ்வாய்

கருவி வந்தது. சவரிமுத்து செருகிப் பார்த்தார். போகவில்லை. எழுந்து நின்று என் கையிலிருந்த வெர்னியரைப் பார்த்தார்.

"சார், பைப்பை வெளிப்பக்கம் அளந்தீங்களா?"

"ஆமாம்."

"எலி உள்ளதான சார் வரும்."

உள் விட்டம் 103.6. முதலாண்டு மாணவன்கூடச் செய்யாத தவறு. உள் விட்டம் அளப்பதற்கென்றே வெர்னியரில் மேலே இரண்டு சிறு தாடைகள் இருக்கின்றன. அதை எத்தனை வருஷம் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வயதாகிவிட்டது.

திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாற்று வர இன்னும் எட்டு நாள்.

மரகதம் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டு 3, வியாழன்

ஆடிப் பெருக்கு. தெரு முழுக்கக் காவிரிக்குப் போய்விட்டது. அவளால் அவ்வளவு தூரம் நடக்க முடியாததால் வீட்டிலேயே சமைத்தோம். சரியாகச் சொன்னால் அவள் சொல்லச் சொல்ல நான் சமைத்தேன். எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம். உப்பு அளவு, கடுகு எப்போது, எல்லாம் தவறாமல் சொன்னாள். ஒன்றையும் மறக்கவில்லை.

மாலையில் வாசுகி. இல்லத்தில் ஒரு படுக்கை காலியாம், சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். "என்னப்பா முடிவு பண்ணுனீங்க? இருக்கா இல்லையா?"

"உறுதியாகச் சொல்ல முடியவில்லை."

"அப்ப இல்லன்னுதானப்பா அர்த்தம். இருந்தா இந்நேரம் நீங்க பாத்திருக்க மாட்டீங்களா?"

நான் மௌனமாக இருந்தேன். அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்டு 4, வெள்ளி

இல்லத்தின் படிவத்தை வாசுகி அனுப்பினாள். தெருமுனைக் கடையில் அச்செடுத்து வந்து நிரப்பினேன். நான்கு பக்கம். பெயர் மரகதம், வயது 71. கணவர் அமிர்தலிங்கம், பேராசிரியர், ஓய்வு. ரத்த வகை, மாத்திரைகள், பிடித்த உணவு.

பதினேழாவது கேள்வி: இல்லாதவற்றைப் பார்ப்பதாகவோ கேட்பதாகவோ சொல்வதுண்டா?

இந்தக் கேள்வியை விட்டுவிட்டு மற்றவற்றை முதலில் முடித்தேன். பிறகு வந்து, "உண்டு. எலி" என்று எழுதினேன். கோட்டுக்கு மேலே, தெளிவாக.

ஆகஸ்டு 6, ஞாயிறு

வாசுகி காரில் வந்தாள். "ஆடி மாசத்துல யாராவது வீடு மாத்துவாங்களாடி?" என்று மட்டும் மரகதம் கேட்டாள்.

"வீடு மாத்தலம்மா. கொஞ்ச நாள் ட்ரீட்மெண்ட். ஆஸ்பத்திரி மாதிரி."

"சரி."

புடவைகளை நான் மடித்து வைத்தேன். பத்து. கிளம்பும்போது அவள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவளும் நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். வாசுகி ஹாரன் அடித்தாள்.

ஆகஸ்டு 9, புதன்

103 அளவில் கருவி வந்தது. சவரிமுத்து பொருத்தினார். ரப்பர் வளையத்தை இறுக்கிய பின் நான் உள்ளே ஒரு வாளி ஊற்றினேன். மூடி திறந்தது, தண்ணீர் போனது, மூடிக்கொண்டது. ஒன்பது முறை செய்து பார்த்தோம். ஒன்பதிலும் சரி.

குழாயின் வாயை டார்ச் அடித்துக் காட்டினார். விளிம்பில் பல் தடம். உள்ளே கொஞ்ச தூரம் வரை கறுப்பாக எண்ணெய் தேய்த்ததுபோல் ஒரு பட்டை; எலி உடம்பு உரசி உரசி வருவதாம்.

"பழைய ரோடு சார் இது. ரொம்ப நாளா போய்வந்துட்டு இருக்கு. அம்மாகிட்ட காட்டலாமா?"

"ஊரில் இல்லை."

"ஆடியிலயா?" என்றார். பிறகு கடப்பாரையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆகஸ்டு 10, வியாழன்

எலி இல்லை. வீட்டில் சத்தம் இல்லை.

ஆகஸ்டு 13, ஞாயிறு

ஜூலை 9 குறிப்பு முழுமையானதல்ல. திருத்தி எழுதுகிறேன்.

அன்று காலை ஆறேகாலுக்கு நான் கழிப்பறை மூடியைத் தூக்கினேன். தண்ணீரில் ஒரு எலி நின்றுகொண்டிருந்தது. முன்னங்கால் இரண்டும் பீங்கானின் சரிவில் ஊன்றியிருந்தன. ஈர மயிர். என்னைப் பார்த்தது. நான் மூடியைப் போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு வாளி.

மரகதம் பயந்துவிடுவாள் என்று சொல்லவில்லை. இதுதான் முதல் காரணம், அது உண்மைதான். மூன்று நாள் கழித்து அவளே பார்த்துவிட்டு வந்து சொன்னபோது, மூன்று நாள் மறைத்தது தெரிந்துவிடுமே என்று சொல்லவில்லை. மருத்துவர் கேட்டபோது, முன்பு சொல்லாததால் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருந்த காரணத்தை நான் இன்னும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அது பதினோரு முறைகளிலும் நாலு விரிப்புகளிலும் அந்த மூன்று நாள் தூக்கத்திலும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அல்லது நான் பார்த்ததே நிழல்தானா? வலது கண்ணில் புரை இருக்கிறது.

இல்லை. இடது கண் நன்றாக இருக்கிறது.

ஆகஸ்டு 16, புதன்

இல்லத்து மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். பதினேழாவது கேள்விக்கு நான் தந்த பதில் தவறு என்றும் காரணமும். மூன்று படிகள் எழுதி மூன்றாவதை வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நாள். நேரில் கொடுத்துவிட்டு அவளை அழைத்து வந்துவிடலாம்.

ஆகஸ்டு 20, ஞாயிறு

சத்திரம் பேருந்து நிலையத்தில் எட்டு மணிக்கு ஏறினேன். ஆவணி பிறந்துவிட்டது. வழியெல்லாம் கல்யாண மண்டப வாசலில் வாழை கட்டியிருந்தார்கள்.

இல்லம் சுத்தமாக இருக்கிறது. மரகதம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலையை வேறு யாரோ வாரிவிட்டிருக்கிறார்கள், வகிடு கோணல். கையில் டம்ளர், தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு. மூடி போட்டாச்சு மரகதம். இனிமே வராது."

"சரி."

"நானும் பாத்தேன்."

எவ்வளவு ஒத்திகை பார்த்திருந்தேன். கடைசியில் மூன்று விநாடிகூட ஆகவில்லை.

அவள் டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"நீங்க வாளியை வெச்சீங்களே அன்னிக்கே. மூடி ஆடுதுன்னீங்க. அது ஆடவே ஆடாது, திருகு இறுகிப்போன மூடி. என்னத்தையோ பாத்துப் பயந்திருக்கீங்கன்னு நெனச்சேன். அப்பறம் நானே பாத்தப்ப புரிஞ்சுபோச்சு."

"நீ ஏன் சொல்லலை, டாக்டர்கிட்ட? வாசுகிகிட்ட?"

"எங்க வீட்டுக்காரரும் பாத்தாரு, பொய் சொல்றாருன்னா?" அவள் கோபமாகச் சொல்லவில்லை. "கதவுகிட்ட நிப்பீங்க. எட்டிப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லுவீங்க. ஒரு தடவையாவது, நானும் பாத்தேன் மரகதம், பயப்படாத போன்னு சொல்லுவீங்கன்னு உங்க மூஞ்சியையே பாத்துட்டு இருந்தேன்."

கடிதத்தை நீட்டினேன். மடியில் வைத்து, மெதுவாக, இரண்டு பக்கமும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இங்கிலீஷ் வாத்தியார் மாதிரி எழுதியிருக்கீங்க. இதை டாக்டர்கிட்ட கொடுத்து என்ன ஆகும்? வாசுகிகிட்ட சொல்லுங்க. கூட்டிட்டு வந்து விட்டது அவதான? அவ வந்து கூப்பிட்டா வரேன்."

"சாயங்காலம் சொல்றேன்."

"இப்ப சொல்லுங்க. எனக்கு முன்னாடி."

போன் போட்டேன். வாசுகி உடனே எடுத்தாள். அம்மா நன்றாக இருக்கிறாளா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன். பிறகு சொன்னேன். எலி உண்மை என்று சொன்னேன். பிளம்பர் காட்டிய பல் தடம் பற்றிச் சொன்னேன்.

"சேம்பர்ல எலி இல்லாம இருக்குமாப்பா? டாய்லெட்டுக்குள்ள வந்துச்சாங்கறதுதான் கேள்வி."

"வந்தது. நான் பார்த்தேன். ஜூலை ஒன்பதாம் தேதி, காலை ஆறேகால்."

"ஒன்பதா? அம்மா சொன்னதே பன்னண்டாம் தேதிதானப்பா."

"ஆமாம். நான் முதலில் பார்த்தேன்."

"பாத்துட்டு ஏம்ப்பா சொல்லல? நான் எத்தனை தடவை கேட்டேன்? டாக்டர் கேட்டாங்க. ஃபாரத்துல நீங்கதான எழுதுனீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மரகதம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை மறு கைக்கு மாற்றினேன்.

வாசுகி யோசிக்கிறாள் என்று தெரிந்தது. பெற்ற தகப்பன், தெரிந்தே அம்மாவைப் பைத்தியமாக்கி அனுப்பினான் என்று அவள் நம்ப வேண்டும். அல்லது வேறொன்றை நம்ப வேண்டும்.

மறுபடி பேசியபோது அவள் குரல் மாறியிருந்தது. அம்மாவிடம் பேசும்போது வரும் குரல் அது, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"அப்பா, நீங்க வீட்ல தனியா இருக்கீங்களே, வேளாவேளைக்குச் சாப்பிடறீங்களா?"

"சாப்பிடுகிறேன்."

"தூக்கம் வருதா?"

"வருகிறது."

"சரிப்பா. எலி இருந்துச்சு, நீங்க பாத்தீங்க. சரி. ஒண்ணும் கவலைப்படாதீங்க. நான் வெள்ளிக்கிழமை வரேன். அந்த டாக்டர்கிட்டயே உங்களையும் ஒருக்கா காட்டிரலாம். சும்மா ஒரு செக்கப். என்னப்பா?"

இல்லை, எனக்கு ஒன்றுமில்லை, நான் செய்தது நோயால் செய்ததல்ல என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் தந்த வழி அகலமாக இருந்தது, உள்ளே வெளிச்சமும் இருந்தது.

"சரிம்மா" என்றேன்.

போனை வைத்தேன்.

"என்ன சொன்னா?" என்றாள் மரகதம்.

"வெள்ளிக்கிழமை வராளாம். என்னை டாக்டர்கிட்ட காட்டணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவளுக்குக் கேட்டிருக்கும். பெஞ்சு சிறியது, நான் போனைக் காதிலிருந்து தள்ளித்தான் வைத்துக்கொள்வேன். ஆனாலும் கேட்டாள், காத்திருந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. பச்சைச் சேலை கட்டிய பணிப்பெண் வந்து "வாங்கம்மா போலாம்" என்று அவள் கையைப் பிடித்தாள். மரகதம் எழுந்தாள். நாலடி போய் நின்று பணிப்பெண்ணிடம் சொன்னாள்.

"இவரு எங்க வீட்டுக்காரரு. இவருக்கும் ஒரு தட்டு வையிங்க. இன்னும் கொஞ்ச நாள்ல இங்கதான் வரப்போறாரு."

பணிப்பெண் சிரித்தாள். "ஐயா நல்லாத்தான இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு" என்றாள் மரகதம். "அது எனக்குத் தெரியும்."

மதிய உணவு: சாதம், கத்தரிக்காய்க் குழம்பு, ரசம், அவரைப் பொரியல். உப்பு குறைவு. சாப்பிட்டேன். இரண்டரை மணிப் பேருந்து.

கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது.